மண்ணில் மறைக்குமுன் சோதித்துக் காட்டுங்கள்!

கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடைபெறும் வேலையே அசட்டைக்கும் ஊழலுக்கும் மிக உகந்த வேலை. பாலம் வெடித்தால் பாதையிற் செல்வோர் அனைவரும் காண்பர். பாடசாலைக் கூரை ஒழுகினால் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து சொல்வர். ஆனால் நிலத்துக்கடியிற் கிடக்கும் நீர்க்குழாய் துருப்பிடித்து ஓட்டையானாலோ, மலநீர்க்குழாய் பிளந்து மண்ணுக்குள் கசிந்தாலோ அதனை உடனே காண்பார் எவருமிலர். ஆண்டுகள் பல கழிந்து, கிணற்று நீர் நாறும்போதுதான் உண்மை வெளிவரும். அப்பொழுது குழாயைப் புதைத்த ஒப்பந்தகாரர் ஊரை விட்டுப் போயிருப்பார். உத்தரவிட்ட மந்திரி வேறோர் இலாகாவில் அமர்ந்திருப்பார். அதற்காக வாங்கிய கடன் மட்டும் நம் பிள்ளைகளின் தலையில் இருக்கும்.

ஆகவேதான் நாம் ஒரு கோரிக்கையை முன்வைக்கின்றோம். பழுதடைந்த நீர்க்குழாய்களையும் கழிவுநீர்க் குழாய்களையும் திருத்துவதற்கெனக் கொண்டுவரப்படும் எந்தப் புதிய முறையையும், இந்நாட்டு மண்ணிலும் இந்நாட்டு நீரிலும் பகிரங்கமாகச் சோதித்துப் பாராமல் மக்கள் பணத்தைக் கொண்டு விலைக்கு வாங்கக் கூடாது. சோதனையின் பெறுபேறு, நல்லதாயினும் தீயதாயினும், தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வெளியிடப்படல் வேண்டும். இதனை வெறும் பொறியியற் பிரச்சினையென ஒதுக்கிவிட முடியாது. குடிநீரும் கடனும் யாருடையவையோ, அவர்களுடைய உரிமைப் பிரச்சினை இது.

முதலில் தலைநகரைப் பார்ப்போம். கொழும்புக்கு லபுகம நீர்த்தேக்கத்திலிருந்து குழாய்வழி நீர் வரத் தொடங்கியது 1886 ஆம் ஆண்டில். நகரின் கழிவுநீர்க் குழாய்த்தொகுதி 20 ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிற் பிரித்தானியர் ஆட்சியில் அமைக்கப்பட்டது. நூறு வயதைத் தாண்டிய அத்தொகுதியே நகரத்தின் மலநீரைச் சேர்த்து, வடக்கே முகத்துவாரப் பக்கமும் தெற்கே வெள்ளவத்தைப் பக்கமும் கடலுக்குள் தள்ளிவந்தது. வெள்ளைக்காரன் அமைத்தான், நாம் அதன்மேல் மாடிகளைக் கட்டினோம். அவன் கணக்கிட்ட குடித்தொகைக்குப் பன்மடங்கு சனத்தை அதே குழாய்களில் இணைத்தோம். அவற்றைத் திருத்தும் வேலைக்கென ஆசிய அபிவிருத்தி வங்கி 2009 ஆம் ஆண்டில் 10 கோடி டொலர் கடன் வழங்கியது.

குடிநீரின் கதையும் இதுவே. 2012 ஆம் ஆண்டளவில் கொழும்பு மாநகருக்குள் விடப்பட்ட நீரில் ஏறத்தாழப் பாதி, வருமானம் தராத நீராகக் கணக்கெழுதப்பட்டது. அந்தப் பாதி முழுவதும் ஒழுகிப் போனதன்று. களவிணைப்பும், பழுதான மானியும், விலையின்றிக் கொடுக்கப்பட்ட நீரும் அதில் அடங்கும். ஆயினும் பழைய வார்ப்பிரும்புக் குழாய்களின் ஒழுக்கே அதிற் பெரும் பங்கு. இரண்டு வாளி நீரைச் சுத்திகரித்து ஒரு வாளிக்கு மட்டும் பணம் பெற்ற நிருவாகம் எப்படித் தலை நிமிரும்? அதன்பின் கடன் பணத்தில் குழாய் மாற்றும் வேலைகள் நடைபெற்றன. அவை தேவையான வேலைகளே. தேவை என்பதில் எமக்கும் அரசாங்கத்துக்கும் தகராறு இல்லை. எந்தப் பொருளை, எந்தச் சோதனையின் பேரில் மண்ணுக்குள் இறக்குகின்றீர்கள் என்பதே எமது கேள்வி.

ஏனெனில் இன்று பழைய குழாய்களைத் திருத்துவதற்குத் தெருவைத் தோண்டாத முறைகள் பல வந்துவிட்டன. பிசினில் ஊறவைத்த துணிக்குழலைப் பழைய குழாய்க்குள் நீரமுக்கத்தாற் செலுத்தி, வெந்நீராலோ நீராவியாலோ இறுகச் செய்து, குழாய்க்குள் ஒரு புதுக் குழாயை உண்டாக்குவது ஒரு முறை. இரும்புக் கூம்பொன்றைப் பழைய குழாய்க்குள் இழுத்து, அதனை நொறுக்கிக்கொண்டே பின்னால் பொலித்தீன் குழாயைச் செலுத்துவது இன்னொரு முறை. குழாயின் உட்சுவரில் சீமெந்தையோ பிசினையோ விசிறிப் பூசுவது மற்றொன்று. ஒழுக்கு எங்கே என்பதை ஒலியைக் கொண்டு அறியும் கருவிகளும் உண்டு. இவற்றை நாம் எதிர்ப்பதாக எவரும் திரித்துக் கூற வேண்டாம். நெருக்கமான நகரத் தெருக்களில் இவை பெரும் வரப்பிரசாதம் ஆகலாம். ஆனால் "ஆகலாம்" என்பதற்கும் "ஆகும்" என்பதற்கும் இடையே ஒரு பாலம் உண்டு. அப்பாலத்துக்குப் பெயர் சோதனை.

"வெளிநாட்டிற் சோதித்தாயிற்று, இங்கே எதற்கு மீண்டும்?" என்று சிலர் கேட்கின்றனர். விற்பனைக்கு வருபவர் அப்படிக் கேட்பது இயல்பு. வாங்குபவரும் அவ்வாறே கேட்பதுதான் விந்தை. குளிர்நாட்டிற் சில மணித்தியாலங்கள் இளகி நிற்கும் பிசின், எங்கள் வெயிலில் வேலை தொடங்குமுன்னரே இறுகத் தொடங்கிவிடும். அதனைக் குளிர்பதனத்தில் வைத்தே கொண்டுவர வேண்டும். கழிவுநீரில் உண்டாகும் ஐதரசன் சல்பைட்டு வாயு, அமிலமாகிக் கொங்கிறீற்றை அரிப்பது. வெப்பம் கூடக் கூட அது விரைவாக உண்டாகும். மாரியில் நிலத்தடி நீர் மேலெழுந்து வெடிப்புகள் வழியே குழாய்க்குள் பாயும். இவற்றை ஐரோப்பிய நகரொன்றின் நற்சான்றுப் பத்திரம் எமக்குச் சொல்லாது. அயலூரில் விளைந்த விதையானாலும் நம் தோட்டத்தின் ஒரு மூலையில் நட்டுப் பார்த்த பின்னரே பரப்பு முழுவதும் நடுவான் கமக்காரன். அவனுக்குள்ள அறிவு மந்திராலோசனை மண்டபத்துக்கு இருக்க வேண்டாமா?

சோதிப்பதென்பது நேற்று முளைத்த நாகரிகமுமன்று. 1858 ஆம் ஆண்டுக் கோடையில் தேம்ஸ் நதியின் நாற்றம் இலண்டன் பாராளுமன்றத்தையே மூச்சுத் திணறச் செய்தபோது, நகரின் பெருங் கழிவுநீர்க் கால்வாய்களை அமைக்கும் பொறுப்பு யோசேப்பு பசல்கெற் என்ற பொறியியலாளரிடம் இருந்தது. போட்லண்ட் சீமெந்து அன்று புதுச் சரக்கு. அதனை அத்தகைய பெருவேலையில் நம்பலாமா என்பது எவருக்கும் திட்டமாகத் தெரியாது. பசல்கெற்றின் கீழ்ப் பணியாற்றிய யோன் கிராண்ட் என்பார், வந்திறங்கிய சீமெந்திலிருந்து சிறு கட்டிகள் வார்த்து, நீரிலிட்டு, ஏழு நாட்களின் பின் இழுத்து முறித்துப் பார்த்தார். எடையும் வலிமையும் குறைந்த சரக்கு நிராகரிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான அச்சோதனைகளின் பெறுபேறுகளை அவர் மூடிவைக்கவில்லை. பொறியியலாளர் மன்றத்தின் முன் வைத்தார், உலகமே அறியட்டும் என்று. அக்கால்வாய்கள் ஒன்றரை நூற்றாண்டின் பின்னும் பயன்பட்டு வருகின்றன. எம்மை ஆண்டவர்களிடமிருந்து அவர்களுடைய கழுத்துப்பட்டியையும் கூட்டறிக்கை எழுதும் வழக்கத்தையும் கற்றுக்கொண்ட நம் ஆட்சியாளர், இதை மட்டும் ஏன் கற்கவில்லை?

துணிக்குழல் முறையும் அதே நகரிலேதான் பிறந்தது. 1971 ஆம் ஆண்டில் எரிக் வூட் என்ற பொறியியலாளர் இலண்டனின் ஹக்னிப் பகுதியிற் பழைய செங்கற் கால்வாய் ஒன்றில் அதனை முதன்முதலாகச் செய்து காட்டினார். அம்முறை உலகெங்கும் பரவியபின், "எத்தனை ஆண்டு நிலைக்கும்?" என்ற கேள்வி எழுந்தது. ஐம்பது ஆண்டு என்றனர் விற்போர். அதனை வேதவாக்காக ஏற்க அமெரிக்காவின் சுற்றாடற் பாதுகாப்பு நிறுவனம் ஆயத்தமாயிருக்கவில்லை. முதுமையடைந்த நீர்க்கட்டமைப்புப் பற்றிய ஆராய்ச்சித் திட்டமொன்றை 2007 ஆம் ஆண்டில் அது தொடங்கியது. டென்வர், கொலம்பஸ் ஆகிய நகரங்களில் நிலத்துக்குள் இருந்த குழல்களின் துண்டுகளை எடுத்து ஆய்வுகூடத்திற் சோதித்தனர். அவற்றுட் சில இருபது ஆண்டுக்கு மேல் வேலை செய்தவை. அவை நல்ல நிலையில் இருந்தன. அந்த நல்ல முடிவும் 2012 ஆம் ஆண்டில் எவரும் வாசிக்கக்கூடிய அறிக்கையாக வெளிவந்தது.

கருவிகளையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. லூயிவில் நகரில் 76 ஆண்டுப் பழைமையான 24 அங்குல வார்ப்பிரும்புக் குழாயொன்றைத் தேர்ந்தெடுத்து, ஒழுக்கையும் சுவரின் தடிப்பையும் அறிவதாகக் கூறிய கருவிகள் பலவற்றை 2009 ஆம் ஆண்டில் அதில் இயக்கச் செய்தனர். பின்னர் குழாயின் பகுதிகளைத் தோண்டி எடுத்து, கருவி சொன்னதும் இரும்பு சொன்னதும் ஒக்கின்றனவா என்று ஒப்பிட்டனர். இதுவன்றோ சோதனை! கம்பனிக்காரர் திரையிற் காட்டும் படத்தைப் பார்த்துத் தேநீர் அருந்தி, கைதட்டிக் கலைவதைச் சோதனை என்பது தமிழுக்கும் இழுக்கு, அறிவியலுக்கும் இழுக்கு.

நல்ல முறைகளுக்கும் தீங்கான பக்கம் உண்டு என்பதையும் சோதனையே காட்டும். துணிக்குழலை நீராவியால் இறுகச் செய்யும்போது வெளியேறும் வாயுக்களில் ஸ்டைரீன் உள்ளிட்ட இரசாயனங்கள் கலந்திருப்பதை அமெரிக்காவின் பேர்டியூ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் 2017 ஆம் ஆண்டில் எடுத்துக் காட்டினர். பழைய ஆஸ்பெஸ்டஸ் சீமெந்துக் குழாயை மண்ணுக்குள் நொறுக்கிவிட்டால் அதன் துணுக்குகள் அங்கேயே கிடக்கும். வேலை செய்யும் தொழிலாளிக்கும் அயல் வீட்டுக் குழந்தைக்கும் இவை சொல்லப்பட வேண்டும். சொல்லாமல் மறைப்பது வஞ்சகம்.

சோதனை செய்யாமல் விட்டதன் விளைவை அறிய வேண்டுவோர் அமெரிக்காவின் பிளிண்ட் நகரைப் பார்க்கட்டும். 2014 ஏப்பிரலில், செலவைக் குறைக்கவென்று அந்நகரின் குடிநீர் மூலத்தை ஆற்றுக்கு மாற்றினர். புதிய நீர் பழைய குழாய்களை எவ்வாறு தாக்கும் என்று உரியவாறு ஆராயவில்லை. அரிப்பைத் தடுக்கும் மருந்தும் சேர்க்கவில்லை. குழாய்களின் உள்ளே படிந்திருந்த காப்புப் படலம் கரைந்தது; ஈயம் நீரிற் கலந்தது. ஏறக்குறைய ஒரு லட்சம் மக்கள் வாழ்ந்த நகரில் தாய்மார் குழந்தைகளுக்கு நஞ்சைக் கரைத்துக் கொடுத்தனர், அறியாமலே. "நீரில் நிறமும் நாற்றமும் இருக்கின்றன" என்று மக்கள் முறையிட்டபோது, "நீர் நல்ல நீரே" என்று அதிகாரிகள் விடையிறுத்தனர். 2015 ஒக்டோபரிற் பழைய மூலத்துக்குத் திரும்பினர். ஆனால் குழந்தைகளின் உடலிற் சேர்ந்த ஈயத்தை எந்த மந்திரியாலும் திருப்பி எடுக்க முடியவில்லை.

பிளிண்ட் எங்கோ இருக்கின்றது என்று யாழ்ப்பாணத்து வாசகர் நிம்மதி கொள்ள வேண்டாம். எங்கள் குடாநாட்டுக்கு வற்றாத நதி ஒன்றில்லை. சுண்ணக்கல் நிலத்தின் வெடிப்புகளில் மழை இறங்கித் தங்கும் நன்னீரே எங்கள் கங்கை. அந்நீரை நகரத்தின் தேவைக்குப் போதாதெனக் கண்டு, இரணைமடுக் குளத்து நீரைக் கொணரும் திட்டம் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியுடன் வகுக்கப்பட்டது. கிளிநொச்சி விவசாயிகள் தங்கள் வயலுக்கு என்ன ஆகும் என்று கேட்டனர். அக்கேள்விக்கு ஆரம்பத்திலேயே கணக்கோடு விடை சொல்லியிருந்தால் தமிழனும் தமிழனும் முரண்பட்டு நின்ற அவல நிலை நேர்ந்திராது. ஈற்றில் கடல் நீரை நன்னீராக்கும் தாளையடி நிலையம் அமைக்கப்பட்டு, நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் கொள்ளளவுடன் 2024 ஓகஸ்டிற் திறந்து வைக்கப்பட்டது.

இங்கேதான் பொறியியலாளரும் விவசாயியும் ஒருங்கே விழித்துக்கொள்ள வேண்டும். கடல் நீரிலிருந்து பிரித்தெடுத்த நீர் கனிப்பொருள் குறைந்த நீர். சுண்ணாம்பு முதலியன உரிய அளவு சேர்த்துச் சீர்செய்யாவிடில் அது இரும்பை அரிக்கும்; சீமெந்துப் பூச்சைக் கரைக்கும். எங்கள் கிணற்று நீரோ சுண்ணாம்பு மிகுந்த கடின நீர். அந்நீர் ஆண்டுக்கணக்காய் ஓடிய பழைய நாகமுலாம் இரும்புக் குழாய்கள் வீடுகளிலும் பொதுக் கட்டடங்களிலும் இன்னும் உண்டு. அவற்றுக்குள் புதிய நீர் புகும்போது உட்படிவு கரையுமா, நிலைக்குமா? நீர் நிலையத்தை விட்டுப் புறப்படும்போது எப்படியிருக்கின்றது என்பதோடு, கடைசி வீட்டுத் திருகுபிடியில் எப்படியிருக்கின்றது என்பதையும் அளந்து வெளியிடுங்கள் என்கின்றோம். இது மிகையான கோரிக்கையா? மின்சாரத்தைக் கொட்டிக் கடலிலிருந்து பிழிந்தெடுத்த நீர், குழாய் மூட்டில் ஒழுகி வீணாகினால் அது பணம் ஒழுகுவதேயாகும். இன்று புதிதென இறக்கிய குழாயும் நாளை முதுமையடையும். கொழும்பு நூறாண்டிற் கற்ற பாடத்தை யாழ்ப்பாணம் இன்றே கற்றுக்கொள்ளட்டும்.

கழிவுநீர் விடயத்தில் எங்கள் நிலை இன்னும் பரிதாபமானது. யாழ் நகர் முழுவதையும் இணைக்கும் கழிவுநீர்க் குழாய்த்தொகுதி அமைக்கப்படவேயில்லை. வீட்டுக்கு வீடு குழிமலகூடமும் அதன் அருகே கிணறுமாக வாழ்ந்து வந்திருக்கின்றோம். குழியிற் கசிவதும், வலிகாமத்துத் தோட்டங்களில் அளவுக்கு மிஞ்சி இடும் யூரியாவும் ஒன்றுசேர்ந்தே நிலத்தடி நீரில் நைத்திரேற்றை ஏற்றின. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு விதித்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். குடாநாட்டின் கிணறுகள் பல அவ்வெல்லையை மீறியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. நகரத்தான் கமக்காரனையும் கமக்காரன் நகரத்தானையும் குறை கூறிப் பயனில்லை. இருவரும் ஒரே நீரையே குடிக்கின்றனர். நாளை இங்கு கழிவுநீர்க் குழாய் வருமானால், அது ஒழுகாத குழாயாக இருந்தேயாக வேண்டும். களிமண் நிலத்தில் ஒழுகும் குழாய் அவ்விடத்தைக் கெடுக்கும். சுண்ணக்கல் நிலத்தில் ஒழுகும் குழாய் ஊரையே கெடுக்கும்.

சுன்னாகத்தை நாம் மறந்துவிட்டோமா? அங்குள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்த செய்தி 2014, 2015 ஆம் ஆண்டுகளில் மக்களைக் கலங்கடித்தது. ஓர் அறிக்கை ஆபத்து என்றது. மற்றோர் அறிக்கை அப்படியில்லை என்றது. எதனை நம்புவது என்றறியாத மக்கள் போத்தல் நீருக்கும் பவுசர் நீருக்கும் கையேந்தி நின்றனர். ஈற்றில் 2019 ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றமே தலையிட்டு, பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்துமாறு மின் உற்பத்திக் கம்பனிக்குத் தீர்ப்பளித்தது. இதிலிருந்து நாம் பெறும் பாடம் ஒன்றே: மக்கள் நம்பக்கூடிய சோதனை, சம்பவத்துக்கு முன்னர் நடத்தப்படும் சோதனையே. நோய் முற்றிய பின் வைத்தியர் இருவர் வாதாடுவதால் நோயாளி பிழைப்பதில்லை.

"சோதனை என்றால் தாமதம், தாமதம் என்றால் செலவு" என்று மறுப்புக் கூறுவோர் உளர். அவர்களுக்கு நாம் கூறுவது இது. முந்நூறு மீற்றர் குழாயில் ஒரு முறையைச் சோதிக்கும் செலவு, முப்பது கிலோமீற்றர் குழாயைப் பிழையாக இறக்கிவிட்டு மீண்டும் தோண்டும் செலவுக்கு எம்மட்டு? 2022 ஏப்பிரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென அறிவித்த நாடு இது. அத்தகைய நாட்டுக்கு ஒரே வேலையை இருமுறை செய்யும் ஆடம்பரம் கட்டுமா? ஏழைக்குத்தான் சோதனை தேவை. பணக்காரன் பிழைவிட்டால் மறுமுறை வாங்குவான். ஏழை பிழைவிட்டால் அத்தோடு முடிந்தது.

வேறொரு சாராரும் உளர். சோதனை என்ற பெயரிலேயே வேலையைக் குழிதோண்டிப் புதைக்க நினைப்பவர் அவர்கள். குழு அமைப்பர், குழுவுக்கு உபகுழு அமைப்பர், அறிக்கை வருமுன் ஆட்சி மாறிவிடும். தமிழ்ப் பிரதேசங்களின் தேவைகள் இவ்வாறு பல முறை அலமாரிக்குள் அடைபட்டதை நாம் அறிவோம். ஆகவே சோதனைக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் முன்கூட்டியே குறிக்கப்பட வேண்டும். காலவரையறையற்ற சோதனை, மறுப்பின் மறுபெயர்.

நாம் வேண்டுவது என்ன? கேள்விப்பத்திரம் கோருமுன் ஒவ்வொரு முறையும் ஒரு குறித்த நீளக் குழாயிற் செய்து காட்டப்படல் வேண்டும். அதன் அருகே திருத்தாத ஒரு துண்டு ஒப்பீட்டுக்கு விடப்படல் வேண்டும். வேலைக்கு முன்னும் பின்னும், ஒரு மாரி கழிந்த பின்னும் ஒழுக்கை அளக்க வேண்டும்; அயற் கிணறுகளின் நீரையும் அளக்க வேண்டும். குழாயின் ஒரு துண்டை வெட்டியெடுத்து ஆய்வுகூடத்தில் முறித்துப் பார்க்க வேண்டும். அளப்பவர் விற்பவராக இருத்தலாகாது. பேராதனை, மொறட்டுவைப் பல்கலைக்கழகங்களும், கிளிநொச்சியில் இயங்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடமும் எதற்காக இருக்கின்றன? ஒப்பந்தகாரருக்குரிய பணத்தில் ஒரு பங்கு, பெறுபேறு தெரியும்வரை நிறுத்தி வைக்கப்படல் வேண்டும். மேற்பார்வைக் குழுவில் தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பொறியியலாளரோடு விவசாயச் சம்மேளனத்தின் பிரதிநிதியும் அமர வேண்டும்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடன் திட்டங்களின் அறிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றன. 1987 ஆம் ஆண்டின் அரசியற் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியென்றது. கடிதத் தலைப்பில் இடம்பெறுவதற்கு மட்டுமா அந்த அந்தஸ்து? தன் கிணற்றோரம் செல்லும் குழாயின் சோதனை அறிக்கையைத் தன் மொழியில் வாசிக்க முடியாத கமக்காரனுக்கு அவ்வுரிமையால் ஆன பயன் என்ன? வடமாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தபின் பல ஆண்டுகள் தேர்தல் இன்றியே கழிந்தன. எங்களுக்காகக் கேள்வி கேட்கும் மன்றம் மூடிக்கிடந்தால், நாமே கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.

தமிழ்ப் பொறியியலாளர்களே! "மேலிடத்து உத்தரவு" என்று கையொப்பமிடுமுன் அளவீட்டைக் கேளுங்கள். கணக்காளர்களே! கடனின் வட்டியைக் கணிக்கும்போது ஒழுக்கின் விலையையும் கணியுங்கள். வைத்தியர்களே! நீரால் வரும் நோயின் கணக்கைப் பகிரங்கப்படுத்துங்கள். விவசாயப் பெருமக்களே! உங்கள் காணி ஓரம் குழி வெட்டப்படும் நாளில், என்ன குழாய், யார் சோதித்தார், பெறுபேறு எங்கே என்ற மூன்று கேள்விகளையும் கேளுங்கள். விடை கிடைக்கும்வரை குழியை மூட இடங்கொடாதீர்கள்.